மாணவர் தற்கொலைத் தடுப்பில் தலைமையாசிரியரின் வேலை என்ன?

பள்ளி மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்ற செய்தி வந்த அன்று மாலைக்குள்ளேயே நம் ஊர்களில் மூன்று பேச்சுகள் கிளம்பிவிடுகின்றன. "டீச்சர் திட்டியிருக்கிறார், அதுதான் காரணம்" என்பது ஒன்று. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதையும் தாங்கும் மனம் இல்லை" என்பது இன்னொன்று. "பள்ளியில் ஒரு கவுன்சிலரை, அதாவது மனநல ஆலோசகரை, போட்டிருந்தால் இது நடந்திருக்காது" என்பது மூன்றாவது. முதல் பேச்சு ஒரு நிமிட நிகழ்ச்சிக்குள் முழுக் காரணத்தையும் தேடுகிறது. இரண்டாவது, இறந்த குழந்தையின் மீதே பழியை ஏற்றுகிறது. மூன்றாவது, ஒரு பணியிடத்தை நிரப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நம்ப வைக்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, கல்லூரி மாணவர்களையும் சேர்த்து, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள். ஒரு நாளைக்கு முப்பத்தைந்து பேருக்கும் மேல். இவ்வளவு பெரிய இழப்பைப் பற்றி இவ்வளவு தளர்வாகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதே இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. நான் மருத்துவன் அல்லன். அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே மனநல மருத்துவத்தின் நுட்பங்களுக்குள் போகாமல், ஒரு பள்ளியின் சாவிக்கொத்தையும் மணியையும் கையில் வைத்திருப்பவர் இதில் என்ன செய்ய முடியும் என்பதை மட்டும், இதைப் பற்றி எதுவும் படித்திராதவர்களுக்கும் புரியும்படி சொல்ல முயல்கிறேன்.

ஏரியும் கடைசி மழையும்

ஐப்பசி, கார்த்திகையில் ஓர் ஏரி உடைந்தால், "நேற்றிரவு பெய்த மழையில் உடைந்துவிட்டது" என்றுதான் ஊரில் சொல்வார்கள். ஆனால் அதே மழை பக்கத்து ஊர் ஏரியிலும் பெய்திருக்கும், அது உடைந்திருக்காது. உடைந்த ஏரியில் வரத்து வாய்க்கால்கள் பலவற்றிலிருந்து வாரக்கணக்கில் தண்ணீர் சேர்ந்திருக்கும். கரையில் எங்கோ எலி வளை விழுந்திருக்கும். மிகுதி நீர் வெளியேறும் கலங்கல் முள்செடியும் மண்ணுமாய் அடைபட்டிருக்கும். கடைசி மழை உண்மைதான். அது மட்டுமே காரணம் என்பதுதான் உண்மையில்லை.

தற்கொலையைப் பற்றி ஆராய்ந்தவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுவே. நீண்ட நாள் மனச்சோர்வு, வீட்டில் அடி உதை, பாலியல் துன்புறுத்தல், சாதியின் பெயரால் படும் அவமானம், சக மாணவர்களின் கேலி, குடும்பத்தின் கடன், முன்பு ஒருமுறை உயிரை மாய்க்க முயன்றது போன்றவை ஆபத்துக் காரணிகள் எனப்படுகின்றன. அதாவது, ஒரு குழந்தையின் உள்ளே தண்ணீர் மட்டத்தை மெல்ல உயர்த்துகிறவை. தேர்வில் தோல்வி, வகுப்பில் விழுந்த திட்டு, காதல் முறிவு, செல்போனைப் பிடுங்கிக்கொண்டது போன்றவை உடனடித் தூண்டல்கள், கடைசி மழை. நம்பிப் பேசக்கூடிய ஒரு பெரியவர், நெருங்கிய நண்பர், விளையாட்டு, "இந்தப் பள்ளி என்னுடையது" என்ற உணர்வு போன்றவை பாதுகாப்புக் காரணிகள். இவையே அந்த ஏரிக்குக் கலங்கல்.

இதனால் திட்டிய ஆசிரியர் பொறுப்பிலிருந்து விடுபட்டுவிடுகிறார் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மட்டம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று தெரியாமல் ஒரு குழந்தையின் மீது நாம் எதையும் கொட்டக் கூடாது என்பதற்கே இந்த ஒப்பீடு இன்னும் வலுவான காரணமாகிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் கிடையாது, பல காலமாகச் சேர்ந்தவையும், கடைசியாக வந்து விழுந்ததும், வடிகால் இல்லாமற்போனதும் சேர்ந்தே அது நிகழ்கிறது.

எண்ணம் ஏறும், இறங்கும்

பரவலாக உள்ள இன்னொரு தவறான நம்பிக்கை, "சாக முடிவெடுத்தவரை யாராலும் தடுக்க முடியாது" என்பது. தற்கொலை எண்ணம் கல்லில் வெட்டிய எழுத்தைப் போல நிலையாக நிற்பதில்லை. காய்ச்சலைப் போல ஏறி இறங்குகிறது. உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. சிலருக்குச் சில நிமிடங்கள், சிலருக்குச் சில மணி நேரம். அந்த நேரத்தைக் கடக்க உதவி கிடைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை. பதின்வயதினரிடம் இந்த ஏற்றமும் இறக்கமும் பெரியவர்களைவிட வேகமாக நிகழ்கின்றன; உணர்ச்சியைப் பொங்க வைக்கும் மூளைப் பகுதிகள் முன்னதாகவும், "சற்றுப் பொறு" என்று சொல்லும் முன்பகுதி தாமதமாகவும் முதிர்வது அதற்கு ஒரு காரணம்.

அந்தக் குறுகிய நேரத்தில் உயிரைப் போக்கக்கூடிய பொருளோ இடமோ கைக்கெட்டாமல் இருப்பதே பல உயிர்களைக் காப்பாற்றிவிடுகிறது. இதை வழிமுறைக் கட்டுப்பாடு என்கிறார்கள். இலங்கையில் மிகக் கொடிய வேளாண் நச்சுகளைப் படிப்படியாகத் தடை செய்த பின், 1995ஐ ஒட்டி உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் குறைந்தது. அந்த நாட்டு மக்களின் துயரம் அந்த ஆண்டுகளில் குறையவில்லை. போர் தொடர்ந்தது, சுனாமியும் அதற்குள்தான் வந்தது. ஆயினும் உயிர்கள் தப்பின.

ஒரு பள்ளிக்கு இதன் பொருள் மிகச் சாதாரணமான வேலைகள்: மொட்டை மாடிக் கதவின் பூட்டு, ஆய்வகத்தில் வேதிப்பொருள் அலமாரியின் சாவி யார் கையில் இருக்கிறது என்பது, மூடிய கிணறு, விடுதியில் இரவுச் சுற்று. இவற்றை ஓர் ஆசிரியர் தம் விருப்பத்தில் செய்துவிட முடியாது. தலைமையாசிரியர் சொன்னால் ஒரே வாரத்தில் நடந்துவிடும்.

தலைமையாசிரியர் கவுன்சிலர் ஆக வேண்டியதில்லை

பழைய ஏரிப்பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்றொருவர் இருப்பார். மழையைக் கூட்டவோ குறைக்கவோ அவரால் ஆகாது. ஆனால் தினமும் கரையில் நடப்பார், மடையைப் பார்ப்பார், கலங்கலில் சிக்கிய முள்ளை இழுத்துப் போடுவார், கரை கசிந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பார். தலைமையாசிரியரின் பங்கை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

மனச்சோர்வைக் கண்டறிவது மருத்துவரின் வேலை. உளவியல் சிகிச்சை அளிப்பது அதற்குப் பயின்றவரின் வேலை. ஆனால் பள்ளியில் யாரை எப்போது தண்டிக்கலாம், தேர்வுத்தாளை எப்படித் திருப்பிக் கொடுப்பது, எந்தச் செய்தி யாரிடம் போய்ச் சேர வேண்டும், பெற்றோரிடம் யார் எந்தச் சொற்களில் பேச வேண்டும் ஆகியவற்றை மாற்றும் அதிகாரம் அந்த ஒரு நாற்காலிக்கு மட்டுமே உண்டு. மத்திய கல்வி அமைச்சகம் 2023 அக்டோபரில் வெளியிட்ட 'உம்மீத்' என்னும் வரைவு வழிகாட்டுதல், ஒவ்வொரு பள்ளியிலும் முதல்வரின் தலைமையில் ஒரு பள்ளி நலக் குழு அமைய வேண்டும் என்று பரிந்துரைத்ததற்கும் இதுவே காரணம்.

ஆயாவுக்குத் தெரிந்தது ஹெச்.எம்.முக்குத் தெரியவில்லை

என் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. காலாண்டில் எழுபது வாங்கியவள் அடுத்த ஸ்லிப் டெஸ்ட்டில் வெறும் தாளைக் கொடுத்தாள். கணித ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துவிட்டு நகர்ந்தார். கோ-கோ பயிற்சிக்கு வருவதை நிறுத்தினாள், பி.இ.டி. எனப்படும் உடற்கல்வி ஆசிரியர் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டார். சத்துணவுத் தட்டைப் பாதியில் கழுவி வைத்தாள், அமைப்பாளர் கவனித்தார். கழிவறைப் பக்கம் இரண்டு நாள் அழுதுகொண்டிருந்ததை ஆயா பார்த்தார். தான் ஆசையாக வைத்திருந்த பேனாப் பெட்டியைப் பக்கத்து இருக்கைத் தோழியிடம் கொடுத்து, "நீயே வச்சுக்கோடி" என்றாள்.

ஐந்து பேருக்கு ஐந்து துண்டுச் செய்திகள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அற்பம். ஒரே மேசையில் வைத்திருந்தால் யாருக்கும் புரிந்திருக்கும். நல்வேளையாக அந்தத் தோழி, பெட்டியோடு நேராக வகுப்பாசிரியரிடம் வந்தாள். அந்தப் பெண் இன்று உயிரோடு, நலமாக இருக்கிறாள். பிறகு நான் ஆயாவிடம், "ஏம்மா, என்கிட்ட வந்து சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "நான் போயி ஹெச்.எம். ரூம்ல எப்படிங்கய்யா நிக்கிறது?" என்றார். இருபது ஆண்டுகளாக அதே பள்ளியில் வேலை செய்தவர் அவர். என் அறைக்குள் வந்து ஒரு குழந்தையைப் பற்றிப் பேசலாம் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்ததற்கு நான்தான் பொறுப்பு.

அறிகுறிகளைக் கண்டுகொள்ளவும், கேட்கவும், உரியவரிடம் சேர்க்கவும் சாதாரணப் பணியாளர்களைப் பழக்குவதை வாயிற்காப்பாளர் பயிற்சி என்கிறார்கள். திடீரென ஒதுங்குவது, "நான் எல்லோருக்கும் பாரம்" என்ற வகைப் பேச்சு, சாவைப் பற்றிய எழுத்தும் ஸ்டேட்டஸும், பிடித்த பொருள்களைக் கொடுத்துவிடுவது, தூக்கமும் சாப்பாடும் கெடுவது, காரணமில்லாத விடுப்புகள், நீண்ட கலக்கத்துக்குப் பின் சட்டென்று வரும் விளங்காத அமைதி ஆகியவை இந்தப் பயிற்சியில் சொல்லித்தரப்படும் அறிகுறிகள். ஆயா, வாட்ச்மேன், வேன் ஓட்டுநர் உட்பட எல்லோரும் இதில் உட்கார வேண்டும்.

ஆனால் பயிற்சி ஒன்றே போதும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். ஐரோப்பாவின் 10 நாடுகளில், 168 பள்ளிகளில், 11,110 மாணவர்களிடம் நடத்தி 2015இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று மூன்று வழிகளை ஒப்பிட்டது: ஆசிரியர்களுக்கு வாயிற்காப்பாளர் பயிற்சி, வினாத்தாள் மூலம் ஆபத்தில் உள்ளவர்களைத் தேடிப் பிடிப்பது, மாணவர்களுக்கே மனநலம் பற்றிய உரையாடலும் நடித்துப் பார்க்கும் பயிற்சியும் அளிப்பது. ஓராண்டு கழித்து, மூன்றாவது வழியில் சென்ற மாணவர்களிடம் மட்டுமே தற்கொலை முயற்சிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. மற்ற இரண்டும் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காட்டவில்லை. என் மாணவியின் கதையிலும் கதவைத் தட்டியது தோழிதான் என்பது இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது. ஒரு பதின்வயதினரின் துயரம் முதலில் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் இன்னொரு பதின்வயதினர். "நண்பனின் ரகசியத்தைக் காப்பது நட்பு, ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட ரகசியத்தை ஒரு பெரியவரிடம் கொண்டு வருவது அதைவிடப் பெரிய நட்பு" என்பதை எட்டாம் வகுப்பிலிருந்தே சொல்லித்தர வேண்டும்.

நம் நாட்டிலேயே நடந்த இன்னோர் ஆய்வும் தலைமையாசிரியர்கள் அறிய வேண்டியது. பீகாரில் 74 உயர்நிலைப் பள்ளிகளில் நடந்து 2018இல் அதே இதழில் வெளிவந்தது. ஒரே நலத்திட்டத்தைச் சில பள்ளிகளில் ஏற்கெனவே இருந்த ஆசிரியரிடமும், சில பள்ளிகளில் இதற்கென்றே பயிற்சி தந்து அமர்த்திய, மனநலப் பட்டம் இல்லாத ஒருவரிடமும் ஒப்படைத்தார்கள். தனியாள் இருந்த பள்ளிகளில் பள்ளிச்சூழல் மேம்பட்டது. மனச்சோர்வும் கேலிக்கொடுமையும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியரின் தலையில் கூடுதல் சுமையாக ஏற்றிய பள்ளிகளில் பயன் ஏதும் தெரியவில்லை. தற்கொலை இறப்புகளை அந்த ஆய்வு அளக்கவில்லை என்றாலும், பாடம் எடுப்பது, தேர்தல் பணி, எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு எல்லாவற்றுக்கும் மேல் "நீங்களே கவுன்சிலிங்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஓர் ஆசிரியரிடம் சொல்வதால் எதுவும் நடக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நான் பிறகு செய்தது இதுதான். செவ்வாய்க்கிழமை மூன்றாவது பாடவேளையில் இருபது நிமிடம். இரண்டு ஆசிரியர்கள், பி.இ.டி., சத்துணவு அமைப்பாளர், ஆயா, நான். கேள்வி ஒன்றே: "இந்த வாரம் எந்தப் பிள்ளை உங்கள் கண்ணை உறுத்தியது?" பெயர் வந்தால், யார் பேசுவது, எந்த நாளுக்குள் என்பதை ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டைப் பூட்டி வைத்தோம். தமிழகப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' புகார்ப் பெட்டியும், மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவும் வந்துவிட்ட பிறகு இதற்கான கூடு தயாராகவே இருக்கிறது. பெட்டியை வாரம் தவறாமல் திறந்து பார்க்கிறார்களா என்பதுதான் கேள்வி.

சுருக்கமாக: குழந்தையைப் பற்றிய செய்தி பள்ளியில் பல கைகளில் சிதறிக் கிடக்கிறது, அது ஒன்றுசேர ஒரு நேரமும் இடமும் பொறுப்பாளரும் வேண்டும், அந்த ஏற்பாட்டைத் தலைமையாசிரியர் மட்டுமே செய்ய முடியும்.

"நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா"

இந்தச் சொற்றொடரை என் பணிக்காலத்தில் நூற்றுக்கணக்கான முறை சொல்லியிருக்கிறேன். ஒரு முறை, அரையாண்டுத் தேர்வில் பிட் வைத்திருந்து பிடிபட்ட பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் காலை பதினொன்றரை மணியிலிருந்து என் அறை வாசலில் நின்றான். இடைவேளையில் பள்ளி முழுவதும் அவனைப் பார்த்துக்கொண்டே நடந்தது. கடைசி மணி அடித்ததும், வழக்கம்போல் அந்த வாக்கியத்தைச் சொல்லி, போகச் சொன்னேன். அவன் நகரவில்லை. "சார், அப்பா நாளைக்குத்தான் வருவாரு. இப்ப நான் எங்க போறது?" என்றான்.

அவன் கேட்டதன் பொருள் எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது. நாளைக் காலை பத்து மணிக்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது. அதுவரை பதினெட்டு மணி நேரம் அவன் தனியாக இருக்க வேண்டும். வீட்டில் சொல்லியாக வேண்டும். சொன்னால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். மேலே விளக்கிய ஏற்ற இறக்கத்தை இதோடு வைத்துப் பார்த்தால், அவமானத்துக்கும் விசாரணைக்கும் இடையில் ஒரு குழந்தையைத் தனியாக விடும் அந்த நேரமே மிக ஆபத்தானது என்பது விளங்கும். நாம் அதை ஒழுங்கு நடவடிக்கையின் சாதாரண நடைமுறையாக வைத்திருக்கிறோம்.

அதன்பின் பள்ளியில் விதியை மாற்றினோம். எந்தத் தவறாக இருந்தாலும் வாசலில் நிறுத்துவதில்லை. அன்றே பெற்றோருக்கு ஆசிரியர் பேசுவார், பேசும்போது குழந்தை அருகில் இருக்கும், முதல் வாக்கியம் "பிள்ளை பத்திரமாக இருக்கிறான்" என்பதாக இருக்கும். தண்டனை என்ன என்பது அன்றே முடிவாகிவிடும். அது திருத்தக்கூடியதாகவும் இருக்கும். கலங்கிப்போன குழந்தை தனியாக வீட்டுக்கு அனுப்பப்படாது; ஒரு பெரியவரின் கையிலிருந்து இன்னொரு பெரியவரின் கைக்கே போகும். 'ஒழுக்கம் கெட்டுவிடும்' என்று ஸ்டாஃப் ரூமில் எதிர்ப்பு வந்தது. பிட் அடிப்பவர்களின் எண்ணிக்கை கூடவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2009இலேயே உடல் தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்துவிட்டது என்பதையும் அன்று எடுத்துக்காட்டினேன்.

நேரடியாகக் கேட்கலாமா?

கேட்கலாம், கேட்க வேண்டும். "சாக வேண்டும் என்ற எண்ணம் வந்திருக்கிறதா?" என்று கேட்பது இல்லாத எண்ணத்தைப் புகுத்திவிடும் என்ற அச்சம் பெரும்பாலான ஆசிரியர்களிடம் இருக்கிறது. பதின்வயதினரிடமே நடத்திய ஆய்வுகள் இந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்று காட்டியிருக்கின்றன. அந்தச் சொல்லை ஒரு பெரியவர் பதறாமல் சொல்லக் கேட்கும்போது, பல குழந்தைகள் முதன்முறையாக மூச்சு விடுகிறார்கள்.

கேட்கும்போது கதவு சாத்தியிருக்க வேண்டியதில்லை; தனிமை இருந்தால் போதும். பதிலுக்கு அறிவுரையோ, "உன் அம்மாவை நினைத்துப் பார்த்தாயா?" என்ற கேள்வியோ வேண்டாம், ஏற்கெனவே தன்னைப் பாரமாக நினைக்கும் குழந்தைக்கு அது இன்னொரு மூட்டை. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்குறுதியையும் கொடுக்கக் கூடாது. "உன்னைக் காப்பாற்றத் தேவையான ஒருவரிடமோ இருவரிடமோ சொல்வேன்; அதற்கு முன் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்" என்பதே நேர்மையான பதில்.

"ஆமாம்" என்று பதில் வந்தால், அந்த நிமிடத்திலிருந்து அந்தக் குழந்தை தனியாக இருக்கக் கூடாது. ஒருவர் உடன் உட்கார, இன்னொருவர் பெற்றோரை வரவழைக்க வேண்டும். அன்றே மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ வேறு மனநல மருத்துவரிடமோ செல்ல வழி செய்ய வேண்டும். 14416 என்ற, அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் இரவும் பகலும் தமிழில் பேசுகிறது. தமிழ்நாட்டில் 104 எண்ணிலும் ஆலோசனை உண்டு. மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் மட்டுமல்லாமல், என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் ஆசிரியரும் இந்த எண்களை அழைக்கலாம். வீடே ஆபத்தின் ஊற்றாக இருந்தால் 1098 எண் வழியாகக் குழந்தைகள் நல அமைப்புகளை அழைக்க வேண்டும். பாலியல் குற்றம் வெளிப்பட்டால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது தலைமையாசிரியரின் கட்டாயக் கடமை. பள்ளியின் பெயரைக் காப்பாற்ற அதை மூடிவைப்பது குற்றம். அதைவிட முக்கியமாக, அது அந்தக் குழந்தையின் கலங்கலை நாமே மண் போட்டு அடைப்பது.

உயிரை மாய்க்க முயன்றால் போலீஸ் வழக்கு வரும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகத் தயங்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. பெற்றோரிடம் இதைச் சொல்லி அனுப்புவது நல்லது.

வரத்து வாய்க்காலைக் கவனிப்பது

ஏரிக்குள் நாமே எவ்வளவு தண்ணீரைத் திருப்பிவிடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 2017இல் தமிழக அரசு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. அதற்கும் முன்பே, தேர்ச்சி பெறாதவர்கள் ஓராண்டு காத்திராமல் சில வாரங்களில் துணைத் தேர்வு எழுதலாம் என்ற ஏற்பாடு வந்தது. ஒரு குழந்தையின் கண்ணுக்கு முன் ஓராண்டுச் சுவராக நின்றதை அந்த மாற்றம் ஒரு மாதப் பள்ளமாகச் சுருக்கியது. தற்கொலைத் தடுப்பு என்ற பெயர்ப்பலகை இல்லாமலேயே செய்யக்கூடிய நிர்வாக முடிவுகளில் இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அரசு நிறுத்திய ரேங்க்கைப் பள்ளிகள் நோட்டீஸ் போர்டில் தொடர்கின்றன. 'டாப்பர்ஸ் செக்‌ஷன்' ஒரு மாடியில், 'மெல்லக் கற்போர்' இன்னொரு மாடியில். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் தற்கொலைகள் குறித்து வகுத்த வழிகாட்டுதல்கள், மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைப் பிரிப்பதையும் எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்துவதையும் தவிர்க்கச் சொல்கின்றன. நூறு மாணவர்களுக்கு மேல் உள்ள நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், சிறிய பள்ளிகள் வெளியிலுள்ள நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும், பணியாளர் அனைவருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி வேண்டும் என்றும் சொல்கின்றன. தலைமையாசிரியர்கள் இந்த ஆவணத்தை அச்செடுத்து நிர்வாகத்தின் முன் வைக்கலாம். "செலவுக்கு வழியில்லை" என்ற பதிலுக்கு இப்போது ஒரு மறுமொழி இருக்கிறது.

ஓர் இழப்பு நேர்ந்துவிட்டால்

எல்லாம் செய்தும் ஓர் உயிர் போகலாம். அதற்குப் பின் பள்ளி செய்ய வேண்டியவற்றைப் பின்பேணல் என்பார்கள். மற்ற மாணவர்களைக் காப்பதே அதன் முதல் நோக்கம். ஏனெனில் ஒரு தற்கொலைச் செய்தி, ஏற்கெனவே மட்டம் உயர்ந்து நிற்கும் வேறு குழந்தைகளைத் தூண்டக்கூடும். இதைப் பரவல் தாக்கம் என்கிறார்கள். ஆகவே பிரேயரில் மைக்கில் அறிவிக்காமல், வகுப்பு வகுப்பாக, பழகிய ஆசிரியர் மூலம், உண்மையை எளிய சொற்களில் சொல்ல வேண்டும். எப்படி நடந்தது என்ற விவரமும் காரணம் பற்றிய ஊகமும் வேண்டாம். பெரிய படமும் மாலையுமாக வீரமரணம் போல் ஆக்குவதும் வேண்டாம். அதே நேரத்தில், அந்தக் குழந்தையின் பெயரையே உச்சரிக்காமல் மறைப்பதும் சக மாணவர்களுக்குக் கொடுமை. நெருங்கிய நண்பர்கள், உடன்பிறந்தோர், கடைசியாகத் திட்டிய ஆசிரியர் ஆகியோரைத் தேடிப்போய்ப் பார்க்க வேண்டும். அந்த ஆசிரியரும் அன்றிரவு தூங்க மாட்டார்.

முயன்று, பிழைத்து, பள்ளிக்குத் திரும்பும் குழந்தையை வரவேற்பதும் இதே வேலையின் ஒரு பகுதி. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகான வாரங்களில் ஆபத்து மீண்டும் கூடுதலாக இருக்கும். திரும்பும் நாளுக்கு முன்பே பெற்றோருடனும் குழந்தையுடனும் உட்கார்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதிக்கொள்ளலாம். மனம் மோசமாகும்போது முதலில் தெரியும் அடையாளம் என்ன, என்ன செய்தால் சற்றுத் தணியும், யாரிடம் போவது, அவர் இல்லையென்றால் யார் என்று குழந்தையின் சொற்களிலேயே எழுதிய ஒரு பக்கம் அது. விடுபட்ட பாடங்களையும் தேர்வுகளையும் ஒரே வாரத்தில் தலையில் கொட்டக் கூடாது. பழைய இருக்கை அதே இடத்தில், அதே தோழர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். வகுப்பில் யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதை அந்தக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும்.

பேனாப் பெட்டியைக் கொடுத்துவிட்ட அந்த மாணவி மூன்று வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்தபோது, "உடம்பு சரியில்ல மிஸ், இப்ப பரவால்ல" என்ற வாக்கியத்தைத் தானே முடிவு செய்து வைத்திருந்தாள். வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை மற்றப் பெயர்களைப் போலவே வாசித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். மதிய இடைவேளையில் தோழி அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள்.